மொட்டைக் கடிதத்துக்கும் கையெழுத்துக்கும் நடுவே

2014ஆம் ஆண்டின் 17ஆம் எண் மத்தியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அரசு அலுவலகங்களில் நடக்கும் ஊழலையும் அதிகார முறைகேட்டையும் வெளியே சொல்கிறவர்களைக் காப்பதற்கான சட்டம். மக்களவை நிறைவேற்றியது, மாநிலங்களவை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2014 மே 9 அன்று ஒப்புதல் கொடுத்தார், அரசிதழிலும் அச்சேறியது. ஆனாலும் இன்றுவரை அது ஒருவரையும் காப்பாற்றியதில்லை. மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டுக் குறிக்கும் நாளில் சட்டம் நடைமுறைக்கு வரும் என்று அதன் முதல் பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த நாளை எந்த அரசும் குறிக்கவில்லை.

கிடப்பில் போடப்பட்ட சட்டங்கள் நம்மிடம் ஏராளம். ஆனால் மற்றவற்றுக்கு எதிரிகள் இருந்தார்கள், கூச்சல் இருந்தது, அவையில் கிழித்தெறியப்பட்ட காகிதங்கள் இருந்தன. இதற்கு அப்படி எதுவுமில்லை. வழியில் சந்தித்த எல்லோரும் நல்ல சட்டம், அவசியமான சட்டம் என்றுதான் சொன்னார்கள். சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு அனுப்பினார்கள். அது நகர்ந்ததற்கும் நின்றதற்கும் பின்னால் ஒரே கேள்விதான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. புகார் கொடுத்தவரின் பெயர் யாருக்குத் தெரிய வேண்டும்?

அரசு அலுவலகங்களில் மொட்டைக் கடிதத்துக்கு நீண்ட மரபு உண்டு. மேலதிகாரி கமிஷன் வாங்குகிறார், கொட்டேஷன் மூன்றும் ஒரே ஆள் எழுதியது, மஸ்டர் ரோலில் இல்லாத ஆட்களுக்குக் கூலி போகிறது என்று பெயர் போடாமல் எழுதித் தபாலில் சேர்த்துவிடுவார்கள். போய்ச் சேரும் இடத்தில் இரண்டில் ஒன்று நடக்கும். கையெழுத்தில்லை என்று மூடிவைப்பார்கள். அல்லது கடிதத்தில் சொன்னது உண்மையா என்பதை விட்டுவிட்டு, எழுதியது யார் என்று தேடுவார்கள். மொட்டைக் கடிதத்தால் நேர்மையான அதிகாரிகளும் அலைக்கழிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் நேரத்தில் வந்து விழும் பெயரில்லாப் புகார்களைப் பற்றி ஓய்வுபெற்ற அதிகாரிகளைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். 1999 ஜூனில், என். விட்டல் தலைமையில் இருந்த மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம், பெயரில்லாமலும் பொய்ப் பெயரிலும் வரும் புகார்களின் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. காரணம் நியாயமானது. ஆனால் அன்றிலிருந்து புகார் சொல்ல விரும்பும் அரசு ஊழியருக்கு ஒரே வழிதான் மிஞ்சியது. பெயரைப் போட்டு எழுத வேண்டும். எழுதிய பிறகு அந்தப் பெயரை யார் காப்பது?

அதற்கான முதல் விடை 2001 டிசம்பரில் வந்தது. நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் தன் 179ஆவது அறிக்கையில், பொதுநலன் கருதித் தகவல் வெளியிடுவோரைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. வெறும் பரிந்துரை மட்டுமில்லை, மசோதாவையே எழுதி இணைத்துக் கொடுத்தது. பிரிட்டன் 1998இலேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. ஆகவே முன்மாதிரி இருந்தது, வரைவும் இருந்தது. அமைச்சரவை எடுத்துத் தாக்கல் செய்ய வேண்டியதுதான் பாக்கி. எடுக்கவில்லை. அறிக்கை அலமாரிக்குப் போனது.

அறிக்கை வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், 2002 நவம்பர் 11 அன்று, பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதப்பட்டது. எழுதியவர் சத்யேந்திர துபே. பிகாரின் சீவான் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து கான்பூர் ஐஐடிக்குப் போய் 1994இல் சிவில் இன்ஜினியரிங் முடித்தவர். இந்தியப் பொறியியல் பணியில் சேர்ந்து, 2002இல் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கு அயல்பணியில் வந்தார். வாஜ்பாய் அரசு பெருமையோடு சொல்லிக்கொண்ட தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில், டெல்லியையும் கொல்கத்தாவையும் இணைக்கும் வழியில் பிகாரின் அவுரங்காபாத்துக்கும் பாராசட்டிக்கும் இடைப்பட்ட பகுதி அவருடைய பொறுப்பு. ஜார்க்கண்டின் கோடர்மாவில் அலுவலகம்.

சாலை வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் கண்டது புதிதாக இருக்காது. பெரிய நிறுவனம் டெண்டர் எடுக்கும், முன்பணத்தை வாங்கிக்கொள்ளும், பிறகு வேலையைத் துண்டு துண்டாக்கி உள்ளூர் காண்ட்ராக்டர்களுக்குச் சப்-காண்ட்ராக்ட் விட்டுவிடும். அவர்களிடம் எந்திரமும் இருக்காது, அனுபவமும் இருக்காது. துபே தரமில்லாமல் போட்ட ஆறு கிலோமீட்டர் சாலையைக் காண்ட்ராக்டரை விட்டே திரும்பப் போடவைத்தார். அத்தோடு நின்றிருந்தால் கண்டிப்பான இன்ஜினியர் என்ற பெயரோடு முடிந்திருக்கும். ஆனால் தன் பகுதியில் மட்டும் சரிசெய்துவிட்டால் போதாது, முறையே கெட்டிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அதனால்தான் கடிதம் பிரதமருக்கே போனது.

அந்தக் கடிதத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் கூடவே தனித்தாளில் தன்னைப் பற்றிய விவரங்களை எழுதி வைத்தார். வெறும் மொட்டைக் கடிதமாகப் போனால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். தன் அடையாளத்தை ரகசியமாக வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார். மொட்டைக் கடிதத்துக்கும் கையெழுத்திட்ட கடிதத்துக்கும் நடுவே, இல்லாத ஒரு வழியை அவரே போட்டுப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சட்ட ஆணையத்தின் வரைவு எதைச் சாதிக்க விரும்பியதோ அதை ஒரு தனி மனிதர் ஒற்றைத் தாளைக் கொண்டு செய்ய முயன்றார்.

பிரதமர் அலுவலகம் வழக்கம்போலத்தான் நடந்துகொண்டது. கடிதமும் விவரத்தாளும் சேர்த்தே சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கிருந்து அவர் யாரைப் பற்றிப் புகார் சொல்லியிருந்தாரோ அந்த நெடுஞ்சாலை ஆணையத்துக்கே போய்ச் சேர்ந்தன. போன வழியெல்லாம் பல அதிகாரிகளின் குறிப்புகளும் சுருக்கொப்பங்களும் அதன் மேல் ஏறின. இதில் சதி எதையும் தேட வேண்டியதில்லை. வரும் மனுவை ‘உரிய நடவடிக்கைக்காக’ சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புவதுதான் நம் அலுவலக நடைமுறை. கிராம நிர்வாக அலுவலரைப் பற்றி ஆட்சியரிடம் கொடுக்கும் மனு சுற்றி வந்து அதே கிராம நிர்வாக அலுவலர் மேசையில் விழுவதை நாமும் பார்த்திருக்கிறோம். பிரதமர் அலுவலகமும் அதற்கு விலக்கில்லை என்பதை அன்று நாடு தெரிந்துகொண்டது.

2003 நவம்பர் 27. வாரணாசியில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டுத் துபே விடிவதற்கு முன்பே ரயிலில் கயாவில் வந்திறங்கினார். அழைத்துப்போக வேண்டிய வண்டி பேட்டரி கோளாறால் கிளம்பவில்லை. ரிக்ஷாவில் ஏறினார். வீடு போய்ச் சேரவில்லை. வழியில் சுட்டுக் கொன்றார்கள்.

இந்த வழக்கின் முடிவை மறைத்துவிட்டுக் கதை சொல்வது எளிது, பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சிபிஐ விசாரித்தது. வழிப்பறியில் நடந்த கொலை என்றது. 2010 மார்ச்சில் பாட்னா நீதிமன்றம் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குடும்பத்தினரும் நண்பர்களும் அதை நம்பவில்லை. உண்மை எதுவாக இருந்தாலும் ஒரு விஷயம் மாறாது. ரகசியம் காக்கச் சொல்லி ஒரு அரசு ஊழியர் நாட்டின் உச்ச அலுவலகத்துக்கு எழுதினார், அந்த அலுவலகம் காக்கவில்லை. அதற்காக ஒருவரையும் தண்டிக்க வழியிருக்கவில்லை. பெயரை வெளியே விட்டது அன்றைய சட்டப்படி குற்றமே இல்லை.

ஐஐடி முன்னாள் மாணவர்கள் உலகெங்கும் குரல் எழுப்பினார்கள். பத்திரிகைகள் கடிதத்தின் கதையை வெளியிட்டன. உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு வந்தது. சட்டம் வரும்வரை தற்காலிகமாகவாவது ஒரு ஏற்பாடு வேண்டாமா என்று நீதிமன்றம் கேட்டது. அதன் விளைவாக 2004 ஏப்ரல் 21 அன்று, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்த வாரத்தில், மத்திய அரசு ஒரு தீர்மானத்தை அரசிதழில் வெளியிட்டது. பொதுநலன் கருதிக் கொடுக்கப்படும் புகார்களை வாங்கவும் கொடுத்தவர் பெயரைக் காக்கவும் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தரப்பட்டது. சட்டம் இல்லை, தீர்மானம்தான். நாடாளுமன்றம் பார்க்காதது. மீறினால் சிறை கிடையாது. இடைக்கால ஏற்பாடு என்று அதைச் செய்தவர்களே சொன்னார்கள்.

அடுத்த ஆண்டே இன்னொரு மரணம். மஞ்சுநாத் சண்முகம், கோலார் தங்கவயல்காரர். தமிழர்கள் போய்க் குடியேறித் தலைமுறைகளாகச் சுரங்கத்தில் உழைத்த ஊர் அது. லக்னோ ஐஐஎம்மில் படித்து, இந்தியன் ஆயில் நிறுவனத்தில் விற்பனை அதிகாரியாக உத்தரப் பிரதேசத்தில் வேலைக்குச் சேர்ந்தார். லக்கிம்பூர் கேரி மாவட்டத்துப் பெட்ரோல் பங்க்குகள் அவர் பார்வையில் இருந்தன. அன்று ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் விலையில் பெரிய இடைவெளி. கலப்படத்தைக் கண்டுபிடிக்க மண்ணெண்ணெயில் நீல நிறம் சேர்த்தும் கலப்பது நின்றபாடில்லை. மஞ்சுநாத் கலப்படம் செய்த பங்க்குகளுக்குச் சீல் வைத்தார். 2005 நவம்பர் 19 அன்று கோலா கோகர்ணநாத் ஊரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடல் அவருடைய காரின் பின்சீட்டில், பக்கத்து சீதாபூர் மாவட்டத்தில் கிடைத்தது. வயது 27. இந்த வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லை. பங்க் உரிமையாளரின் மகனுக்கு 2007இல் கீழமை நீதிமன்றம் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் 2015இல் அதை உறுதிசெய்தது.

கண்டிப்பாகப் பார்த்தால் மஞ்சுநாத்தை இந்தச் சட்டத்தின் கணக்கில் சேர்க்க முடியாது. அவர் யாருக்கும் ரகசியப் புகார் எழுதவில்லை. சம்பளம் வாங்கிய வேலையைச் செய்தார், அவ்வளவுதான். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், சீல் வைத்த உத்தரவிலேயே இருந்திருக்கும். ஆனாலும் துபே, மஞ்சுநாத் என்று இரு பெயர்களும் ஒன்றாகவே சொல்லப்பட்டன. அவர் மரணமும் அலமாரியிலிருந்த வரைவைக் கொஞ்சம் அசைத்தது. 2007இல் வீரப்ப மொய்லி தலைமையிலான இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், சட்டத்தை உடனே கொண்டுவர வேண்டும், தனியார் நிறுவனங்களில் மோசடியை வெளிப்படுத்துவோரையும் அதில் சேர்க்க வேண்டும் என்றது. இந்தக் கடைசிப் பரிந்துரை வழியிலேயே காணாமல் போனது.

2010 ஜனவரியில் புனே அருகே சதீஷ் ஷெட்டி வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூலையில் அகமதாபாத்தில் உயர் நீதிமன்றத்துக்கு எதிரிலேயே அமித் ஜேத்வா சுடப்பட்டார். இருவரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்தவர்கள். ஆகஸ்ட் 26 அன்று மசோதா மக்களவைக்கு வந்தது. சட்ட ஆணையம் எழுதிக் கொடுத்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெயர் யாருக்குத் தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு மசோதா சொன்ன விடை தெளிவானது. ஒரே ஒரு அதிகாரத்துக்கு. புகாரில் பெயர் இருந்தே ஆக வேண்டும், பெயரில்லாப் புகாரை எடுக்கவே கூடாது. ஆனால் வாங்கும் அதிகாரம் அந்தப் பெயரைத் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். துறைத் தலைவரிடம் விளக்கம் கேட்கும்போதுகூடப் பெயரைச் சொல்லக் கூடாது. கவனக்குறைவாகவோ கெட்ட எண்ணத்தோடோ பெயரை வெளியே விட்டவருக்கு மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். 2002இல் இது இருந்திருந்தால் பிரதமர் அலுவலகத்தில் அந்த விவரத்தாளைக் கையில் எடுத்தவர் ஒரு நொடியாவது தயங்கியிருப்பார். இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. புகார் கொடுத்த பிறகு தன்னைப் பழிவாங்குகிறார்கள் என்று ஊழியர் முறையிட்டால், அது பழிவாங்கல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில். தூரத்து ஊருக்கு மாறுதல், பதவி உயர்வு நிறுத்தம், திடீரென்று கிளம்பும் பழைய ஆடிட் குறிப்பு ஆகியவற்றையெல்லாம் அனுபவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஓட்டைகளும் இருந்தன. பழிவாங்கல் என்றால் என்ன என்று சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை. ஏழாண்டுக்கு முந்தைய விஷயத்தைக் கிளற முடியாது. பொய் என்று தெரிந்தே கெட்ட எண்ணத்தோடு புகார் கொடுத்தால் இரண்டாண்டு வரை சிறை. தேவையான காப்புதான் என்றாலும், தயங்கி நிற்கும் ஒரு கிளார்க்கின் கண்ணில் முதலில் படுவது இந்தப் பிரிவாகத்தான் இருக்கும். தனியார் நிறுவனங்களுக்குள் நடக்கும் முறைகேடுகள் சட்டத்துக்கு வெளியே.

மசோதா நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனபோது குழுவின் தலைவராக இருந்தவர் ஜெயந்தி நடராஜன். 2011 ஜூனில் குழு அறிக்கை கொடுத்தது. மசோதாவின் வாயில் நுழையாத நீண்ட பெயர் சுருங்கியதும், அமைச்சர்களும் படையினரும் அதன் வரம்புக்குள் வந்ததும் அதன் பிறகுதான். சிறப்புப் பாதுகாப்புக் குழு மட்டும் விலக்கு. 2011 டிசம்பர் 27 அன்று மக்களவை அதை நிறைவேற்றியது. அன்று யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதே நாளில்தான் லோக்பால் மசோதா அவையில் பெரும் போராக நடந்துகொண்டிருந்தது, மும்பையில் அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் தொடங்கியிருந்தார். தொலைக்காட்சிகளுக்கு அதற்கே நேரம் போதவில்லை. அக்கா கல்யாணத்தன்று தேர்வில் பாஸான தம்பியின் கதிதான் இந்த மசோதாவுக்கு.

பிறகு மாநிலங்களவையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 2014 பிப்ரவரி 21, பதினைந்தாவது மக்களவைக் காலத்தின் கடைசி அமர்வு நாள். தெலங்கானா பிரிவினையால் அவைகள் அல்லோலகல்லோலப்பட்ட கூட்டத்தொடர் அது, மக்களவையில் மிளகுத் தூள் ஸ்பிரேகூட அடிக்கப்பட்டது. முந்தைய நாள்தான் தெலங்கானா மசோதா மாநிலங்களவையைத் தாண்டியிருந்தது. புதுச்சேரிக்காரரான பணியாளர் துறை இணையமைச்சர் வி. நாராயணசாமியின் கையில் இந்த மசோதா இருந்தது. நாட்டின் பாதுகாப்பு தொடர்பான விஷயங்களுக்கு விலக்குத் தரும் திருத்தங்களையும் அரசு தயாராக வைத்திருந்தது. ஆனால் மாநிலங்களவையில் ஒரு வார்த்தை திருத்தினாலும் மசோதா மறுபடி மக்களவைக்குப் போக வேண்டும். மக்களவைக்கு நாளையில்லை. தேர்தலுக்குப் போனால் மசோதா காலாவதியாகிவிடும். ஆகவே திருத்தங்களைக் கைவிட்டு இருந்தபடியே நிறைவேற்றினார்கள். ஒரு நல்ல சட்டம் தப்பிப் பிழைத்தது என்று அன்று தோன்றியது. அதைத் தடுத்து நிறுத்துவதற்கான காரணமும் அன்றே அதற்குள் வைக்கப்பட்டுவிட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த ஒரே வாரத்தில் தேர்தல் முடிவு வந்தது, ஆட்சி மாறியது.

புதிய அரசு அந்தக் கைவிடப்பட்ட திருத்தங்களைக் கையில் எடுத்துப் பெரிதாக்கியது. 2015 மே 11 அன்று திருத்த மசோதா வந்தது, மே 13 அன்று மக்களவை நிறைவேற்றியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் இருக்கும் விலக்குகளை ஒட்டிப் பத்து வகைத் தகவல்கள் புகாரிலேயே இருக்கக் கூடாது என்றது. பாதுகாப்பு, பொருளாதார நலன், அமைச்சரவை ஆவணங்கள், வணிக ரகசியம் என்று பட்டியல் நீண்டது. 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்திலிருந்து மூலச் சட்டம் தந்த காப்பையும் எடுத்தது. இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் தகவலைப் பொதுமக்களுக்குக் கொடுப்பது. ஒரு ரகசியம் ஊருக்கே தெரியக் கூடாது என்பது சரி. இங்கேயோ ஊழியர் ஊருக்குச் சொல்வதில்லை, அரசே நியமித்த ஊழல் கண்காணிப்பு ஆணையரிடம் மூடிய உறையில் சொல்கிறார். அவரிடமும் சொல்லக் கூடாது என்றால் பாதுகாப்புத் தளவாட பேரத்தில் கமிஷன் கைமாறுவதைப் பார்த்த அதிகாரி யாரிடம்தான் சொல்வது?

திருத்த மசோதா மாநிலங்களவைக்குப் போய் அங்கேயே தங்கியது. 2019இல் மக்களவையின் காலம் முடிந்ததும் காலாவதியானது. திருத்தம் வந்த பிறகுதான் சட்டத்தை நடைமுறைப்படுத்துவோம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. திருத்தம் செத்துப்போனது, புதிய திருத்தம் வரவில்லை, பழைய சட்டத்துக்கு நாளும் குறிக்கப்படவில்லை.

இதே காலத்தில் ஓர் இந்திய நிறுவனத்தைப் பற்றிய உண்மையை ஓர் ஊழியர் வெளியே கொண்டுவந்து வென்ற கதையும் உண்டு. அது இந்தச் சட்டத்தால் நடக்கவில்லை. தினேஷ் தாக்கூர் அமெரிக்காவில் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு வந்து ரான்பாக்சியின் குர்காவ் அலுவலகத்தில் சேர்ந்தவர். நிறுவனம் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகளுக்குக் கொடுத்த சோதனைத் தரவுகள் இட்டுக்கட்டியவை என்று கண்டார். 2005இல் வேலையை விட்டார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு மின்னஞ்சல் எழுதினார், முதலில் தன் உண்மைப் பெயரைச் சொல்லாமல்தான். பிறகு அமெரிக்க நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவர் பயன்படுத்திய சட்டம் 1863இல், உள்நாட்டுப் போரின்போது ராணுவத்துக்கு மட்டமான சரக்கு விற்று ஏமாற்றிய காண்ட்ராக்டர்களைப் பிடிக்க லிங்கன் காலத்தில் போட்டது. அதன்படி வழக்கு முத்திரையிட்ட உறைக்குள்ளேயே தொடங்கும். அரசு விசாரித்து முடிக்கும்வரை வழக்குப் போட்டவர் பெயர் வெளியே வராது. 2013 மே மாதம் ரான்பாக்சி குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. தாக்கூருக்குச் சட்டப்படியான பங்காக 4 கோடியே 80 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அந்த ஆண்டில் நம்முடைய மசோதா மாநிலங்களவையில் காத்திருந்தது. நிறைவேறியிருந்தாலும் தனியார் நிறுவனத்தைப் பற்றிய அவருடைய புகாருக்கு அதில் இடமில்லை.

அந்தக் குறையை நிரப்ப வேறு சில ஏற்பாடுகள் வந்திருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஊழியர்களின் புகாரை வாங்க உள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்கிறது. புகார் நிறுவனத்துக்குள்ளேயே, அதன் தணிக்கைக் குழுவிடம் போகும். உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்பவர்களைக் காட்டிக்கொடுத்தால் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி சன்மானம் தருகிறது. முதலீட்டாளரின் பணத்தைக் காக்க வந்த ஏற்பாடு வேகமாகவே வேலை செய்கிறது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, இன்று ஒரு மத்திய அரசு ஊழியர் தன் அலுவலகத்து ஊழலைச் சொல்ல நினைத்தால் என்ன செய்யலாம்? 2004இல் இடைக்காலமாகச் செய்த அதே தீர்மானத்தின் கீழ்தான் எழுத வேண்டும். புகாரை மூடிய உறையில் வைத்து, பொதுநலத் தகவல் புகார் என்று உறையின் மேல் தெளிவாக எழுதி, டெல்லியில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையச் செயலாளருக்கு அனுப்ப வேண்டும். பெயரும் முகவரியும் உறைக்குள் இருக்க வேண்டும், உறையின் மேல் இருக்கக் கூடாது. புகாரின் வாசகத்திலேயே எழுதியவர் யார் என்று ஊகிக்க இடம் தராதபடி எழுதுவது நல்லது என்று ஆணையம் அறிவுரை சொல்கிறது. கிடைத்ததற்கு ஒப்புகை வராது. மேற்கொண்டு கடிதம் எழுத வேண்டாம், அது உங்கள் நன்மைக்கே என்றும் சொல்கிறது. துபே தனித்தாளை வைத்துச் செய்து பார்த்ததற்கு இன்று ஒரு முறையான வழி இருக்கிறது, அந்த அளவுக்கு லாபம்தான். பெயர் கசிந்தால் கசியவிட்டவரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவு மட்டும் 17ஆம் எண் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

மாநில அரசு ஊழியருக்கு அதுவும் கிடையாது. தீர்மானத்தின் எல்லை மத்திய அரசோடும் அதன் நிறுவனங்களோடும் முடிகிறது. மாநில அரசுகளும் அவற்றின் வாரியங்களும் கழகங்களும் அதற்குள் வருவதில்லை. நடைமுறைக்கு வராத சட்டமோ மாநிலங்களுக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. அரசு ஊழியர் மட்டுமல்ல, எந்தக் குடிமகனும் அதன் கீழ் புகார் கொடுக்கலாம். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, கல்குவாரி முறைகேடுகளைப் பற்றி அதிகாரிகளிடம் தொடர்ந்து புகார் கொடுத்துவந்த ஒருவர் இருசக்கர வாகனத்தில் போகும்போது டிப்பர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். குவாரிக்காரர்கள் கைதானார்கள். அவர் தன் பெயரையும் முகவரியையும் எழுதி, கையெழுத்திட்டு, நேரில் கொண்டுபோய் மனு கொடுத்தவர். கனிமவளத் துறையிலோ தாலுகா அலுவலகத்திலோ அந்த மனுவை வாங்குபவர் அதில் உள்ள பெயரை மறைத்துவைக்க வேண்டும் என்று சொல்லும் மத்தியச் சட்டம் எதுவும் அன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் இல்லை. இன்றும் இல்லை.